பொங்கலுக்கு முன் திறந்தவெளிச் சந்தை நடத்தலாமா? நலச்சங்கத்தின் முடிவுக்கு ஆலோசனை தேவை

ஏரிக்கரைவாசி (19 டிசம்பர் 2021)

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மனைப்பிரிவின் நலச்சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாள்களில், பூங்காவை ஒட்டிய திடலில் ஒரு சந்தை கூட்டுவது எங்கள் பகுதியின் நெடுநாள் வழக்கம். மண்பானை, பன்னீர்க் கரும்பு, மஞ்சள் கொத்து, நாட்டுச் சர்க்கரை, கைத்தறித் துண்டு என விற்பனை ஒருபுறமும், கோலப் போட்டி, சிறுவர்களுக்கான ராட்டினம், மாலையில் சிறு மேடையில் பறையும் கரகமும் மறுபுறமுமாக நடக்கும். சுற்றுவட்டாரத்துக் குடியிருப்புகளிலிருந்தும் மக்கள் வருவார்கள். கடைசியாக 2020 தையில் நடந்தது. கொரோனாவால் 2021இல் நடத்தவில்லை.

வரும் ஜனவரி 12, 13 ஆகிய நாள்களில் மீண்டும் நடத்துவதா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நடத்த வேண்டும் என்போர் கூறும் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கடந்த மே 21ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இன்று அந்த எண்ணிக்கை 600ஐ ஒட்டி நிற்கிறது. எங்கள் பகுதியில் பெரியவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, எங்கள் சந்தையை நம்பி வரும் சிறு வியாபாரிகள் இரண்டு பொங்கலாக நம்மிடமிருந்து எதுவும் சம்பாதிக்கவில்லை என்ற நிலை வந்துவிடக் கூடாது என்று அவர்கள் கூறுகிறார்கள்.

வேண்டாம் என்போர் டிசம்பர் 15ஆம் தேதி தமிழகத்தில், கொரோனாவின் புதிய திரிபான ஒமைக்ரானின் முதல் தொற்று உறுதியானதைச் சுட்டுகிறார்கள். இரண்டாம் அலையில் எங்கள் தெருக்களிலேயே சிலரை இழந்திருக்கிறோம். அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கேயே வசிக்கின்றன என்பதால் இந்தப் பேச்சு கூட்டத்தில் எழும்போதெல்லாம் குரல்கள் தணிந்துவிடுகின்றன.

மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு: இப்போதைக்கு ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுவோம், அரசு தடை விதித்தால் நிறுத்திக்கொள்வோம் என்பது. செயற்குழுவில் பலருக்கும் இதுவே வசதியாகத் தெரிகிறது. எனக்கு இது ஒரு முடிவாகவே தோன்றவில்லை. இதுபோன்ற நிகழ்ச்சியை நடத்தியவர்களும் கைவிட்டவர்களும், எதை அளவுகோலாகக் கொண்டு தீர்மானித்தீர்கள் என்பதைத் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும். அடுத்த ஞாயிறு செயற்குழு கூடுகிறது.

---

வடக்குமாடவீதி (19 டிசம்பர் 2021)

நடத்துங்கள் என்பதே என் கருத்து. நவம்பர் 1 முதல் திரையரங்குகளில் அனைத்து இருக்கைகளையும் நிரப்ப அனுமதி உண்டு. தீபாவளிக்கு முன்பு ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு மக்கள் நடந்ததை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். குளிர்சாதன வசதி செய்யப்பட்ட வணிக வளாகங்களின் கதவுகள் திறந்தே இருக்கின்றன. இத்தனையும் நடக்கும்போது, மேலே வானமும் சுற்றிலும் காற்றும் உள்ள திடலில் பானை விற்பவரை மட்டும் தடுப்பது நோய்த்தடுப்பு ஆகாது. பெரிய கடைக்கு ஒரு நீதி, தரைக்கடைக்கு ஒரு நீதி என்றே அது முடியும். கடைகளைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள், முகக்கவசத்தைக் கட்டாயமாக்குங்கள், வருவோரைத் தெருவாரியாகப் பிரித்து நேரம் கொடுங்கள். நம் மக்கள் கேட்டுக்கொள்வார்கள்.

---

ஓய்வுபெற்றசுகாதாரஅலுவலர் (20 டிசம்பர் 2021)

மாவட்டச் சுகாதாரப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற மருத்துவன் நான். திருவிழாப் பணிக்காகவே பலமுறை அனுப்பப்பட்டவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திறந்தவெளியில் இந்த நோய் மிகக் குறைவாகவே தொற்றுகிறது என்பதில் வடக்குமாடவீதி நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 2020இன் தொடக்கத்தில் சீனாவில் 7,324 நோயாளிகளின் விவரங்களைத் துருவிப் பார்த்த ஆய்வில், திறந்தவெளியில் தொற்றியதாகத் தெரியவந்தது ஒரே ஒரு நிகழ்வுதான். அதிலும் தொடர்புடையவர்கள் இருவரே. அது ஒமைக்ரானுக்கு வெகு முன்பு செய்த ஆய்வு என்றாலும், காற்றோட்டம் பற்றிய அதன் செய்தி இன்றும் பொருந்தும். தரைக்கடைக்காரருக்கு இழைக்கப்படும் அநீதி பற்றி அவர் எழுதியிருப்பதையும் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால், திடலில் நடப்பதாலேயே ஒரு சந்தை முழுவதும் திறந்தவெளியில் நடப்பதாகிவிடாது. உங்கள் திடலை மனத்தில் வைத்து ஒரு சுற்று வாருங்கள். மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் உடை மாற்றிக்கொள்ள மூன்று பக்கமும் படுதா கட்டிய தடுப்பு இருக்கும். பணியாரமும் கூழும் விற்கும் கடைகளின் முன்னால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பறைச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஒருவர் காதருகில் ஒருவர் குனிந்து உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். கிராமத்திலிருந்து வரும் வியாபாரிகள், சரக்கோடு சரக்காக ஒரே வேனில் இரண்டு மணி நேரம் நெருக்கி உட்கார்ந்து வந்திருப்பார்கள். இரவு உங்கள் சங்கக் கட்டடத்தின் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள். மாலையில் ஒரு தூறல் விழுந்தால் போதும், திடலில் நிற்கும் கூட்டம் மொத்தமும் சாமியானாவுக்குள் வந்துவிடும். இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை நம்மைப் படுத்திய பாட்டைப் பார்த்த பிறகு, மார்கழி கடைசியில் மழை வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

கோயம்பேட்டை நினைவில் கொள்ளுங்கள். பல ஏக்கர் பரப்பில் விரிந்த சந்தை அது. 2020 மே 5ஆம் தேதி அதை மூடுவதற்குள், அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் போய்ச் சேர்ந்திருந்தது. காய்கறி வாங்க வந்துபோனவர்களைவிட, அங்கேயே கடைகளின் இடுக்குகளில் உண்டு உறங்கி, ஒரே லாரியில் ஏறி ஊருக்குப் போனவர்களே அதிகம் துன்பப்பட்டார்கள். சந்தையால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு விற்பவர்களுக்கே என்பதை, அவர்களுக்காகவே சந்தையை நடத்த விரும்பும் நண்பர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்தில் சந்தையும் திருவிழாவும் நோயும் சேர்ந்த வரலாறு பழையது. 1939இல் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனியாக விதிகள் உண்டு. அன்றைய அச்சம் காலரா. காலரா நீரில் பரவியது. ஆகவே கிணற்றுக்குக் குளோரின் போட்டு, கழிப்பிடம் அமைத்து, ஊசி போட்டு, திருவிழாவை நடத்திவிட முடிந்தது. நான் பணியில் சேர்ந்தபோது மூத்த சுகாதார ஆய்வாளர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த முறையைத்தான். இந்த நோய் மூச்சில் பரவுகிறது. கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு நோயை மட்டும் வடிகட்டி எடுக்க நம்மிடம் கிணறு போல் ஓரிடம் கிடையாது. கூட்டம் எங்கே நெருங்குகிறதோ அங்கேதான் கைவைக்க வேண்டியிருக்கிறது.

இனி நாள்கணக்குக்கு வருகிறேன். ஒமைக்ரான் சமூகப் பரவலாகிவிட்ட இடங்களில் தொற்று எண்ணிக்கை ஒன்றரை முதல் மூன்று நாளுக்குள் இரட்டிப்பதாக உலக சுகாதார நிறுவனம் இரண்டு நாள்களுக்கு முன்பு தெரிவித்துள்ளது. இன்றிலிருந்து உங்கள் சந்தையின் இரண்டாம் நாள் வரை 24 நாள்கள் இருக்கின்றன. மூன்று நாளுக்கு ஒருமுறை என்று மெதுவான கணக்கையே வைத்துக்கொண்டாலும் எட்டு முறை இரட்டிக்கும். அதாவது 256 மடங்கு. நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இன்றைய 600 என்ற எண்ணை வைத்து ஜனவரி 12ஆம் தேதிக்கு முடிவெடுக்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். அந்த 600கூட, சில நாள்களுக்கு முன்பு தொற்றியவர்களின் எண்ணிக்கையே.

18 வயதுக்கு உட்பட்ட எவருக்கும் இன்று வரை இங்கே தடுப்பூசி தொடங்கவில்லை. ராட்டினத்தைச் சுற்றி நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான். அறுபதைக் கடந்தவர்களில் இரண்டாம் தவணை போடாதவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், விற்பனைக்கு வேறு வழி தேடிக்கொண்டு, கூட்டத்தை இந்த ஆண்டும் விட்டுவிடுங்கள் என்பேன்.

---

சூளைமேட்டுப்பானை (21 டிசம்பர் 2021)

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலுள்ள மண்பாண்டத் தொழிலாளர்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகியோரின் பொருள்களை நகரத்துக் குடியிருப்புகளில் விற்றுத் தரும் வேலையில் இருக்கிறேன். இதுவரை எழுதியவர்கள் அனைவரும் வியாபாரிகளின் மேல் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனாலும், ஏரிக்கரைவாசி ஐயா மூன்றாவதாகக் குறிப்பிட்ட கருத்தைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். தொடங்கிவிடுவோம், தடை வந்தால் நிறுத்துவோம் என்பதைப் போல் எங்களை அழிக்கக்கூடிய முடிவு வேறு கிடையாது.

ஒரு பொங்கல் பானை உங்கள் திடலுக்கு வருவதற்கு முன்பு என்னவெல்லாம் நடக்கிறது என்று சொல்கிறேன். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிவிடும் என்பதால், மண்ணை ஆடி ஆவணியிலேயே எடுத்துக் கொட்டி வைக்க வேண்டும். கார்த்திகையில் சக்கரத்தில் ஏற்றி வனைகிறார்கள். ஈரக் காற்றில் பானை காய்வதற்கு நாளாகும். வெயிலில் அவசரமாக வைத்தால் வெடித்துவிடும், நிழலிலேயே வைத்திருந்தால் அடிப்பாகம் காயாமல் சூளையில் பிளந்துவிடும். இந்த நவம்பரில் பெய்த மழையில், வனைந்து கூரைக்குக் கீழே அடுக்கியிருந்த பானைகள் சாரல்பட்டுக் குழைந்து, மறுபடியும் மண்ணாக மிதித்தெடுத்த வீடுகளை நான் நேரில் பார்த்தேன். இப்போது மார்கழியில்தான் சூளைக்குத் தீ வைக்கிறார்கள். விறகும் வைக்கோலும் வரட்டியும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். ஆகவே பானைக்காரருக்கு முடிவு தெரிய வேண்டிய நாள் ஜனவரி 12 அல்ல. சூளை மூட்டும் நாள் அது. அதாவது இந்த வாரம்.

கரும்பு வியாபாரி தோட்டத்துக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் நாள் அவருக்கு முடிவு நாள். மஞ்சள் கொத்து வெட்டிய இரண்டாம் நாளே வாடிவிடும் என்பதால், போகிக்கு முந்தைய நாள் வரை அவர் காத்திருக்கலாம். முறுக்கும் அதிரசமும் செய்யும் எங்கள் குழுப் பெண்கள், நான்கு நாள் முன்னதாகச் சொன்னாலே செய்து தந்துவிடுவார்கள். விற்காமல் போனாலும் வேறு இடத்தில் கொடுத்துவிடலாம். பொங்கல் கழிந்த மறுநாள் பானையைக் கேட்பார் இல்லை. அடுத்த ஆண்டு வரை அடுக்கி வைத்தால் உடைந்தது போக மிச்சம்தான். கடைசி வாரத்தில் அரசு உத்தரவு வந்து சந்தை நின்றுபோனால், உங்கள் சங்கத்துக்கு இழப்பு பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம் மட்டுமே. மீதி எல்லாம், இருப்பதிலேயே குறைவாகக் கையிருப்பு உள்ள குடும்பத்தின் தலையில் விழும்.

ஆகவே நடத்துவதா வேண்டாமா என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, வீட்டுக்கு வீடு போய் முன்பதிவு எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பானை, எந்த அளவு, எத்தனை கரும்பு, எத்தனை மஞ்சள் கொத்து என்று எழுதி, பாதித் தொகையை இப்போதே வாங்கி எங்களிடம் சேர்ப்பித்துவிட்டால் சூளைக்கு விறகு வந்துவிடும். அதன் பிறகு திடலில் சந்தை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தப் பானைகள் விற்றுவிட்ட பானைகள். சந்தை நடக்காவிட்டால், ஜனவரி 12 காலையில் தெருமுனைகளில் நாங்களே இறக்கித் தந்துவிடுகிறோம். ஒரு வேண்டுகோள்: முன்பதிவு செய்த வீடு பிறகு வேண்டாம் என்றால், அந்தப் பானையைச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும். தரை வாடகை வாங்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், இந்த ஆண்டு வாங்காதீர்கள்.

மருத்துவர் ஐயா வேனைப் பற்றி எழுதியது உண்மை. போன தீபாவளிச் சந்தை ஒன்றுக்கு எங்கள் பெண்கள் அப்படித்தான் போய் வந்தார்கள். காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலி தர யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் விற்பனைக்கு அழைத்தால் வராமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் வருகிறோம் என்று சொல்வதை மட்டும் வைத்து நாம் முடிவெடுக்கக் கூடாது.

---

வடக்குமாடவீதி (21 டிசம்பர் 2021)

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு முன்பதிவு யோசனையை முழுமையாக ஆதரிக்கிறேன். எனினும், திடலில் இரண்டு மணி நேரம் கூடி நிற்பதைக் கைவிடச் சொல்லும் அதே அக்கறையோடு, அடைத்த வளாகங்களின் கூட்டத்தையும் குறைக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் சேர்ந்து அரசுக்கு எழுத வேண்டும். அது நடக்காதவரை என் வருத்தம் தீராது. ஒரு கேள்வி: பறைக்கும் கரகத்துக்கும் வரும் கலைஞர்களுக்கு முன்பதிவு எப்படி எடுப்பது?

---

ஏரிக்கரைவாசி (1 ஜனவரி 2022)

அனைவருக்கும் நன்றி. என்ன முடிவெடுத்தோம் என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டிசம்பர் 26ஆம் தேதி செயற்குழு கூடியது. சூளைமேட்டுப்பானை அம்மையாரின் பதிவை அச்செடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தேன். எந்தப் பொருளுக்கு எந்த நாளில் முடிவு தெரிய வேண்டும் என்று அவர் எழுதிய பத்தியைப் படித்தபோதுதான், தடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தை வைத்திருந்தவர்கள் அதைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சந்தையைக் கைவிடுவது, முன்பதிவை மட்டும் நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். பானைக்கான தொகையில் பாதியை அன்று மாலையே அனுப்பிவிட்டோம். யாரும் பெற்றுக்கொள்ளாத பானைகளைச் சங்கமே வாங்கும் என்று எழுத்திலும் கொடுத்திருக்கிறோம்.

நேற்று அரசின் அறிவிப்பு வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொருட்காட்சிகளும் புத்தகக் கண்காட்சிகளும் ஒத்திவைக்கப்பட்டுள்ளன. ஜனவரி 6ஆம் தேதி தொடங்கவிருந்த சென்னைப் புத்தகக் காட்சியும் அதில் அடங்கும். திரையரங்குகளிலும் வணிக வளாகங்களிலும் 50 விழுக்காட்டினரே அனுமதிக்கப்படுவார்கள் என்பதால் வடக்குமாடவீதி நண்பரின் வருத்தம் ஓரளவேனும் குறைந்திருக்கும். ஏற்பாடுகளைத் தொடங்கியிருந்தால், இந்த நேரத்தில் கரும்புக்காரருக்கும் பானைக்காரருக்கும் தொலைபேசியில் என்ன பதில் சொல்லிக்கொண்டிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. முந்தாநாள் சென்னையில் யாரும் எதிர்பாராமல் கொட்டிய மழையைப் பார்த்தபோது, மருத்துவர் ஐயா சாமியானாவைப் பற்றி எழுதியதையும் செயற்குழுவில் பலர் நினைவுகூர்ந்தார்கள்.

முன்பதிவில் பானையும் மஞ்சளும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போயிருக்கின்றன. கரும்பு குறைவு. நியாயவிலைக் கடைகளில் தரவிருக்கும் பொங்கல் பரிசுத் தொகுப்பில் முழுக் கரும்பும் உண்டு என்பதால், பல வீடுகள் ஒன்று போதும் என்று நிறுத்திக்கொண்டன. தெருமுனை விநியோகத்தில் பெரியவர்கள் வந்து நிற்காதபடி, தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு வர ஒப்புக்கொண்டுள்ளார்கள்.

கலைஞர்கள் பற்றிய கேள்விக்கு எங்களால் பாதி விடைதான் காண முடிந்தது. பறைக் குழுவுக்கும் கரகக் கலைஞர்களுக்கும் வழக்கமாகக் கொடுக்கும் தொகையில் பாதியை இப்போதே கொடுத்து, பரவல் தணிந்த பிறகு ஒரு நாள் வந்து நிகழ்த்தித் தருமாறு கேட்டிருக்கிறோம், அவர்களும் இசைந்தார்கள். பந்தல்காரர் முன்பணத்தை அந்த நாளுக்கே வைத்துக்கொள்கிறேன் என்றார். ராட்டினக்காரருக்கு மட்டும் எந்த வழியும் தோன்றவில்லை. குழந்தைகள் கூடாமல் அவருக்குத் தொழில் இல்லை. இரண்டு ஆண்டாக அந்த இரும்புச் சட்டங்கள் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் துருவேறிக் கிடக்கின்றன. மாற்று வேலை ஏதேனும் கொடுக்க முடிந்த சங்கங்களோ, இவரைப் போன்றவர்களுக்கு வேறு ஊர்களில் செய்து பார்த்த ஏற்பாடோ இருந்தால் இங்கே எழுதுங்கள். பொங்கலுக்குள் அவரிடம் ஒரு பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.